பதின்ம வயதுத் தாய்க்குப் பிரசவ மனச்சோர்வு வராமல் தடுக்க: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்?

ஒரு பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு வயது, கர்ப்பமாக இருக்கிறாள், பிரசவத்துக்கு இன்னும் நான்கைந்து மாதம் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் ஸ்கேன், ரத்த அளவு, குழந்தையின் எடை, அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டு முடித்திருப்பார்கள். பிரசவமாகி ஆறாவது வாரம் அவள் மனசு என்ன நிலையில் இருக்கும் என்பது மட்டும் யாருடைய பட்டியலிலும் இருக்காது. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். வராமல் தடுக்க வழிகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே அளவுக்குப் பயன் தருவதில்லை, சிலது சுத்தமாகப் பயன் தருவதே இல்லை. நேரமும் பணமும் அளவாக இருக்கும் குடும்பமோ கிளினிக்கோ எதில் முதலில் கை வைப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது, சட்டென்று எரிச்சல் வருவது, அடுத்த நிமிஷம் சிரிப்பது, இது பெரும்பாலான தாய்மாருக்கு வருகிறது, இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை. இரண்டு வாரம் தாண்டியும் நீடிக்கிற, அல்லது இரண்டு மூன்று மாதம் கழித்து மெதுவாக நுழைகிற மனச்சோர்வைப் பற்றி. வயது வந்த தாய்மாரில் தோராயமாகப் பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ அது வருகிறது. பதின்ம வயதுத் தாய்மாரைப் பற்றிய ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தபோது 14 முதல் 53 சதவீதம் வரை என்று கிடைத்தது. இவ்வளவு அகலமான இடைவெளி வருவதற்கு ஒரு காரணம், சில ஆய்வுகள் கேள்வித்தாள் மதிப்பெண்ணை எண்ணுகின்றன, சில ஆய்வுகள் மருத்துவர் நேரில் பேசி உறுதிசெய்ததை எண்ணுகின்றன. எப்படி எண்ணினாலும் இந்த வயதில் ஆபத்து கூடுதல் என்பதில் சந்தேகமில்லை.

ஏன் கூடுதல் என்று கேட்டால் பலரும் ஹார்மோன் என்பார்கள். ஹார்மோன் எல்லாருக்கும்தான் சரிகிறது. இந்த வயதுப் பெண்ணுக்குக் கூடுதலாக நடப்பது வேறு. பள்ளி நின்றுபோகிறது, கூடவே தோழிகளும் போய்விடுகிறார்கள். குழந்தையின் அப்பன் இருக்கிறானா, இருந்தால் எவ்வளவு நாள் இருப்பான் என்பது தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவோடு தினமும் ஒரு போர்: வீட்டில் அவள் இன்னும் மகள்தான், மகளாகத் திட்டு வாங்குகிறாள், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் "உன் குழந்தை, நீயே பார்" என்று சொல்லப்படுகிறாள். பகலில் குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படிப் பிடிப்பது என்று பாட்டி கையிலிருந்து பிடுங்கிக் காட்டுகிறாள். பொறுப்பு முழுக்க இவள் தலையில், அதிகாரம் துளியும் இவள் கையில் இல்லை. உறவுகளில் நடக்கும் இந்த இழுபறியைத் தொடாத எந்தத் தடுப்பு முயற்சியும் பாதிதான் வேலை செய்யும் என்பது என் கருத்து. கீழே வரும் ஒப்பீட்டை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

இனி வழிகள். மிகச் சுலபமானதிலிருந்து ஆரம்பிக்கலாம்: தகவல் கொடுப்பது. கர்ப்பிணிப் பெண்ணிடம் ஒரு கையேட்டைக் கொடுப்பது, மனச்சோர்வு பற்றி வீடியோ காட்டுவது, ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேர வகுப்பு எடுப்பது. மலிவு, செய்துவிட்டோம் என்று கணக்கும் காட்டலாம். கர்ப்பிணிச் சிறுமிகளிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள், 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் கையேடு, வீடியோ, இரண்டும் சேர்த்து என்று எப்படிக் கொடுத்துப் பார்த்தும் பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உதவி கேளுங்கள் என்று கையேடு சொல்கிறது. யாரிடம், எந்த வார்த்தையில், அவர் மறுத்தால் அடுத்து என்ன என்பதை அது சொல்லாது. தகவல் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை மட்டும் செய்துவிட்டுத் தடுத்துவிட்டோம் என்று நினைத்தால் அது ஏமாற்று.

அடுத்தது கேள்வித்தாள். எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987இலிருந்து உலகம் முழுக்கப் புழங்குகிறது. பத்துக் கேள்விகள், மொத்த மதிப்பெண் 30, நிரப்ப ஐந்து நிமிஷம் போதும். பல இடங்களில் 13ஐத் தொட்டால் கவனிக்கிறார்கள், சில இடங்களில் 10 வந்தாலே கூப்பிட்டுப் பேசுகிறார்கள், பதின்ம வயதுக்காரிகளுக்கு நான் இரண்டாவது வழக்கத்தின் பக்கம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மற்ற ஒன்பதிலும் பூஜ்யம் வாங்கி இதில் மட்டும் ஒரு மதிப்பெண் இருந்தாலும் அன்றைக்கே பேச வேண்டும். நல்ல கருவிதான். ஆனால் இது வந்ததைக் கண்டுபிடிக்கிறது, வராமல் தடுப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: அம்மா பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும்போது எந்தப் பெண்ணும் உண்மையான பதிலைக் குறிக்க மாட்டாள். "எனக்கு முடியவில்லை என்று சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள்" என்ற பயமும் இந்த வயதில் ரொம்பவே பலமானது. தனியறையில், யாரிடம் என்ன சொல்லப்படும், எதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேட்டால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

இப்போது நான் அதிக நேரம் செலவிட விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: கர்ப்ப காலத்திலேயே தொடங்கும் கவுன்சலிங். இதில் இரண்டு வகைகள். ஒன்று எண்ணங்களைப் பிடித்துச் சரிசெய்வது ("நான் கெட்ட அம்மா" என்ற எண்ணம் வரும்போது அதைக் கேள்வி கேட்பது, நாளில் ஒரு சின்ன நல்ல விஷயத்தைத் திட்டமிட்டுச் செய்வது). மற்றது உறவுகளைக் கையாளக் கற்றுக்கொடுப்பது: சண்டையாக மாறாமல் ஒன்றைக் கேட்பது எப்படி, வாழ்க்கையில் வரும் இந்த மாற்றத்தில் எதை இழக்கிறோம் என்று பெயர் சொல்லி அழுது முடிப்பது எப்படி, யார் எதற்கு உதவுவார்கள் என்று வரைபடம் போட்டுப் பார்ப்பது எப்படி. 2019இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஆபத்து கூடுதலாக உள்ள கர்ப்பிணிகளையும் புதுத் தாய்மாரையும் இப்படிப்பட்ட கவுன்சலிங்குக்கு அனுப்பச் சொன்னது. ஆபத்துக் காரணங்களின் பட்டியலில் பதின்ம வயதில் தாயாவதும் இருந்தது. கவுன்சலிங் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேறு விதமாகச் சொன்னால் பதின்மூன்று பதினான்கு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வராமல் தடுக்கலாம். மந்திரம் இல்லை. மனசு சம்பந்தப்பட்ட தடுப்பு முயற்சி ஒன்றுக்கு இது உண்மையிலேயே நல்ல எண்.

அந்தத் தொகுப்பில் பெரும்பாலோர் வயது வந்தவர்கள். சிறுமிகளுக்கென்றே செய்யப்பட்டது ரீச் என்ற திட்டம். 2013இல் வெளியான அதன் முதல் சோதனையில், கருவுற்றபோது பதினேழோ அதற்குக் குறைவோ வயதான 106 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு உறவுகளை மையமாக வைத்த ஐந்து அமர்வுகள் பிரசவத்துக்கு முன்னால், ஒன்று பிரசவத்துக்குப் பின்னால். மற்றவர்களுக்கும் அதே அளவு நேரம் கொடுத்தார்கள், ஆனால் உடல்நலம், குழந்தை வளர்ச்சி பற்றிய பாடமாக. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 12.5 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, இரண்டாவதில் 25 சதவீதம். ஆட்கள் குறைவு என்பதால் இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் முழுக்க விலக்கவில்லை, அதைச் சொல்லாமல் "பாதியாகக் குறைக்கிறது" என்று கூவுவது சரியில்லை. ஆனால் வயது வந்தவர்களிடம் கிடைத்த முடிவும் இதே திசையைத்தான் காட்டுகிறது, அதனால் நான் இதை நம்புகிறேன்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: மொத்தமே ஆறு அமர்வு. இது வருடக்கணக்கில் போகும் சிகிச்சை இல்லை. வயது வந்தவர்களுக்கான ரோஸ் என்ற திட்டத்திலும் கர்ப்பத்தில் நான்கைந்து குழு அமர்வுகள், பிரசவத்துக்குப் பிறகு ஒன்று, அவ்வளவுதான். நடத்துவதற்கு மனநல மருத்துவரே வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸோ சமூகப் பணியாளரோ நடத்தலாம். மனச்சோர்வு ஏற்கெனவே வந்துவிட்ட தாய்மாருக்கு, கிராமப்புற பாகிஸ்தானில் சாதாரண பெண் சுகாதாரப் பணியாளர்கள் பேச்சு வழியாகவே சிகிச்சை கொடுத்து ஆறு மாதத்தில் மனச்சோர்வு உள்ளவர்களை 23 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள், வழக்கமான வருகை மட்டும் கிடைத்த இன்னொரு குழுவில் அது 53 சதவீதம் (2008இல் வெளியானது). அது தடுப்பு இல்லை, சிகிச்சை. ஆனால் இந்த வேலைக்குப் பெரிய பட்டம் தேவையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

குழுவாகவா, தனியாகவா? வயது வந்தவர்களுக்குக் குழு மலிவு, பேச்சுத் துணையும் கிடைக்கிறது. பதின்ம வயதில் குழு இரண்டு பக்கமும் வெட்டும். ஒரே நிலையில் உள்ள இன்னொரு பெண்ணைப் பார்ப்பதே பாதி வைத்தியம், அது உண்மை. ஆனால் குழுவில் தன்னைத் தெரிந்தவள் ஒருத்தி இருந்துவிட்டால் இரண்டாம் வாரம் இவள் வர மாட்டாள். பஸ்ஸுக்குக் காசு, வாந்தி, அம்மாவுக்கு வேலை, இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வந்து நிற்கும். அதனால் எந்தத் திட்டத்தை எடைபோட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "நான்காவது வாரமும் இந்தப் பெண் வருவாளா?" என்பதுதான். அவள் ஏற்கெனவே போகிற இடத்தில், அதாவது கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் அதே நாளில் அதே கட்டடத்தில், இல்லை பள்ளியிலேயே, அமர்வு நடந்தால் வருவாள். தனியாக ஒரு நாள், தனியாக ஓர் இடம் என்றால் எவ்வளவு நல்ல பாடத்திட்டமும் காலி நாற்காலிகளுக்குத்தான் நடக்கும்.

வீட்டுக்கே வருகிற உதவி அடுத்தது. கேட்டதும் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. இங்கிலாந்தில் பத்தொன்பதும் அதற்குக் கீழும் வயதான முதல்முறைத் தாய்மார் 1,645 பேரை வைத்து நர்ஸ் வீட்டுக்கு வரும் ஒரு பெரிய திட்டத்தைச் சோதித்தார்கள். 2016இல் வந்த முடிவில், அது முக்கியமாக எதிர்பார்த்த விஷயங்களில் (புகைப்பதை விடுவது, பிறப்பு எடை, இரண்டு வருடத்துக்குள் மறு கர்ப்பம், குழந்தையை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோவது) வழக்கமான சேவையைவிடச் சிறந்ததாக இல்லை. அங்கே வழக்கமான சேவையே நன்றாக இருந்தது என்பது ஒரு விளக்கம். மாறாக, அமெரிக்கப் பழங்குடிச் சமூகங்களில் 322 பதின்ம வயதுக் கர்ப்பிணிகளோடு நடந்த ஃபேமிலி ஸ்பிரிட் திட்டத்தில், வீட்டுக்கு வந்தவர்கள் நர்ஸ்கள்கூட இல்லை, அதே சமூகத்தில் பயிற்சி பெற்ற பெண்கள். குழந்தைக்கு மூன்று வயதாகும்வரை போனார்கள். அந்தத் தாய்மாருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன, போதைப் பழக்கமும் குறைந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: வேறு எந்த ஆதரவும் இல்லாத இடத்தில் வீட்டு வருகை பெரிய வித்தியாசம் செய்கிறது, ஓரளவு எல்லாம் இருக்கும் இடத்தில் அதே பணத்துக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. செலவும் நேரமும் மிக அதிகம் பிடிக்கிற வழி என்பதால் யாருக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். தனியாக வாழும் பெண், வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவள், அல்லது வீட்டுக்குள் அடி உதை இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டியவள், இவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு.

அடி உதை என்றதும் சொல்லியாக வேண்டும். கர்ப்பமே பலவந்தத்தில் உண்டானது என்றால், அல்லது அந்த ஆள் இன்னும் வீட்டில் நடமாடுகிறான் என்றால், இந்த ஒப்பீட்டுக்கு வேலையே இல்லை. பாதுகாப்பு முதலில், மற்றதெல்லாம் அப்புறம். "சமாதானமாகப் பேசுவது எப்படி" என்று அவளுக்குப் பாடம் எடுப்பது அந்த நிலையில் அபாயமும்கூட.

போன் வழி ஆதரவு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, அது நியாயமில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 701 தாய்மாரோடு நடந்த சோதனை, 2009இல் வெளியானது. ஏற்கெனவே பிரசவ மனச்சோர்வை அனுபவித்து மீண்டு வந்த பெண்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, பிரசவமாகி இரண்டு வாரத்திலேயே ஆபத்துக் குறி தெரிந்த தாய்மாரோடு போனில் பேசவைத்தார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் மனச்சோர்வு அளவைத் தாண்டியவர்கள் பேசப்பட்ட குழுவில் 14 சதவீதம், மற்றதில் 25 சதவீதம். பேசியவர்கள் சாதாரணப் பெண்கள், கருவி ஒரு போன், செலவு ரொம்பக் குறைவு. சிறுமிகளுக்காகச் செய்யப்பட்டது இல்லை என்பது இதன் குறை. ஆனாலும் நேரம் காலம் பார்க்காமல் பேசலாம், பஸ் ஏற வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதெல்லாம் இந்த வயதுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். ஒரு நிபந்தனை மட்டும்: பேசுபவள் இருபது, இருபத்திரண்டு வயதில், தானும் சின்ன வயதில் பெற்றவளாக இருக்க வேண்டும். நாற்பது வயது அக்கா நல்ல மனசோடு பேசினாலும் இந்தப் பெண் காதில் அது அம்மா குரலாகத்தான் விழும். இன்னொன்று, அந்த போன் அவளுடையதாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் போனில் எந்த ஆதரவும் ஓடாது.

மாத்திரை. சுருக்கமாக முடித்துவிடலாம். இதற்கு முன் பிரசவ மனச்சோர்வு வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்துக்குப் பிறகு முன்கூட்டியே செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை 2004இல் வந்தது, வெறும் 22 பெண்கள், முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது. அதற்கு முன் நார்ட்ரிப்டிலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தை வைத்துச் செய்ததில் பலன் இல்லை. 2019 பணிக்குழு இதற்கு ஆதாரம் போதாது என்றே சொன்னது. ஒமேகா-3க்கும் அதே பதில்தான். தவிர, இந்த வகை மருந்துகள் இருபத்தைந்துக்குக் கீழானவர்களிடம் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டியே அச்சிடப்படுகிறது. எனவே இதுவரை மனச்சோர்வே வராத பதினாறு வயதுப் பெண்ணுக்கு "வந்துவிடக் கூடாது" என்று மாத்திரை தொடங்குவது என் பட்டியலில் இல்லை. ஆனால் அவள் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவள் என்றால் கதை தலைகீழ்: கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று சட்டென்று நிறுத்துவது பெரிய ஆபத்து, மருத்துவரிடம் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

கடைசியாக, ஆய்வுத்தாள்களில் அதிகம் இடம்பெறாத, ஆனால் வீட்டில் இருப்பவர்கள் கையில் முழுக்க இருக்கும் ஒன்று: வீட்டு ஏற்பாடு. முதலில் தூக்கம். பதின்ம வயதில் உடம்புக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், உடம்பின் கடிகாரமும் தாமதமாகத்தான் தூங்க விடும். அப்படிப்பட்ட உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முழு இரவும் தூங்க வைக்க முடியாது, சரி. ஆனால் தினமும் ஒரே நீட்டாக நான்கைந்து மணி நேரம், குழந்தை அழுதாலும் இன்னொருவர் எடுத்துக்கொள்வார் என்ற உறுதியோடு, கொடுக்க முடியும். அது யாருடைய பொறுப்பு என்பதைப் பிரசவத்துக்கு முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள், ராத்திரி இரண்டு மணி பேச்சுவார்த்தைக்கு ஏற்ற நேரம் இல்லை. பால் கொடுப்பது தூக்கத்தோடு மோதினால், பாலைக் கறந்து வைத்து இன்னொருவர் கொடுக்கலாம். ஆனால் அதுவே இன்னொரு பரீட்சையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது படிப்பு: எந்தத் தேதியில், எந்த வழியில் திரும்புவது என்று எழுதி வைத்த ஒரு திட்டம் இருந்தாலே எதிர்காலம் என்று ஒன்று அவள் கண்ணில் படும். அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது பற்றியும் பிரசவத்துக்கு முன்னாலேயே பேசியாக வேண்டும், ஏனென்றால் மனச்சோர்வும் அடுத்தடுத்த கர்ப்பமும் இந்த வயதில் கைகோத்துக்கொண்டு வருகின்றன. சோர்வு அதிகம் தெரிந்தால் ரத்தச்சோகையையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள், இரண்டும் மனச்சோர்வு போலவே வேஷம் கட்டும்.

என் வரிசை இது. கர்ப்பத்தின் ஐந்தாம், ஆறாம் மாதத்திலேயே உறவுகளை மையமாக வைத்த அமர்வுகள், பரிசோதனை நாளோடு சேர்த்து. வீட்டில் ஒருவருக்கு ராத்திரிப் பொறுப்பு எழுத்தில். பிரசவத்துக்குப் பிறகு முதல் வாரத்திலிருந்து போனில் பேச ஒரு சின்ன அக்கா. ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் தனியறையில் கேள்வித்தாள். வீட்டு வருகை ஆதரவே இல்லாதவர்களுக்கு. அமர்வு நடத்த ஆளே கிடைக்காத இடமென்றால், கிடைக்கவில்லையே என்று உட்கார்ந்திராமல் அந்தப் பெண்ணின் அம்மாவை மட்டும் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, எந்த முடிவுகளை மகளிடம் விடப் போகிறீர்கள் என்று கேட்டுப் பேசுங்கள். குழந்தையின் உடுப்பு, குளியல் நேரம், பெயர், ஏதோ மூன்று விஷயம். இதற்கு ஆய்வு எதையும் நான் காட்டவில்லை, என் அனுமானம்தான், ஆனால் செலவும் இல்லை.

பிரசவம் ஏற்கெனவே ஆகிவிட்டது, இரண்டு மூன்று வாரமும் போய்விட்டது என்றால் வரிசை மாறும். கர்ப்ப கால அமர்வுகளைத் தவறவிட்டதற்கு வருந்தி நேரத்தைப் போக்க வேண்டாம். போன் துணையும் தூக்க ஏற்பாடும் அன்றைக்கே தொடங்கலாம், கேள்வித்தாளை அந்த வாரமே கொடுக்கலாம், மதிப்பெண் 10ஐத் தொட்டால் அது தடுப்பு வேலை இல்லை, சிகிச்சை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தூக்கமே இல்லாமல் களைப்பும் இல்லாமல் இருக்கிறாள், யாரோ பேசுவதாகச் சொல்கிறாள், குழந்தையைப் பற்றி விசித்திரமாக எதையோ நம்புகிறாள் என்றால் அது ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் வேறு நோய், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே வந்துவிடும். அவளையும் குழந்தையையும் தனியாக விடாமல் அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.